படங்கில் ஒரு பூப்போட்ட ஒட்டு

தெமோதரை, மேல் டிவிஷன்
4.10.2005

என் அன்புப் பேரன் சுபாஸுக்கு, அம்மாயி விசாலாட்சி எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழை விட்டால்தான் என் பேச்சைக் கேட்பேன் என்கிறது.

உன் கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் படிக்கிற இடத்தில் உனக்கு முதல் பரிசு என்று வாசித்ததும் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியவள். என் பேரன் செய்த உடுப்பை வெளிநாட்டுப் பிள்ளைகள் எடுத்து விளையாடுகிறார்கள் என்றால் சும்மாவா?

நீ எழுதியதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து ஆடுகிற அந்த விளையாட்டுக்கு இப்போது இரண்டாவது ஒன்று வந்திருக்கிறது. பழையதில் போட்ட உடுப்பு புதியதில் ஏறாது. அதில் ஆட்களுக்கு உடம்பு வேறு மாதிரி. அதனால் பழைய ரவிக்கையைப் பிரித்து, வளர்ந்த பிள்ளைக்கு அளவெடுத்துத் தைப்பது போலத் தைக்க வேண்டும். நீ அப்படித் தைத்தது கொழுந்தெடுக்கிற பெண்ணின் உடுப்பு. தலைத்துண்டு, கூடை, இடுப்பில் கட்டும் படங்கு எல்லாம் உண்டு. பழையதும் நீ செய்தது, புதியதும் நீ செய்தது. சரிதானே?

லயத்தில் வரிசையாக அத்தனை வீட்டுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு லீலாதேவிக்கு வாய் சும்மா இருக்குமா? "நாங்க இத்தனை வருசமா படங்கு கட்டுனோம், ஒருத்தனும் பரிசு குடுக்கல. ஒங்க பேரன் படம் வரைஞ்சான், குடுத்துட்டாங்க" என்றாள். பொறாமைதான்.

ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குக் கோயிலுக்குப் போகிறேன். அப்படியே புஹாரி கடையில் கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். அவர் மகள் ஹம்ஸியா இருப்பாள். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டவர்கள் அல்லவா? அவளுக்கும் சந்தோசமாக இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மாயி,
விசாலாட்சி


கொழும்பு
8.10.2005

அன்பின் அம்மாயிக்கு,

நான் நலம். இந்த ஞாயிறு புஹாரி கடைக்குப் போக வேண்டாம். அவர்களிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர், சரியாகத் தெரியாது. தீபாவளிக்கு வரும்போது பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். சுவரில் மாட்டிவைக்கலாம். மழையில் ஏன் அலைகிறீர்கள்?

அன்புடன்,
சுபாஸ்


தெமோதரை
13.10.2005

சுபாஸுக்கு,

போக வேண்டாம் என்ற உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் ஞாயிறே போய்விட்டேன்.

கடை நிறையப் பொடியன்கள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "ஹம்ஸியா, எம் பேரன் செஞ்ச உடுப்ப காட்டும்மா. பழசும் அவன்தான், புதுசும் அவன்தான். கொழும்புல பரிசே குடுத்திருக்காங்க."

அவள் விரல் அப்படியே நின்றது. பிறகு தட்டினாள். புஹாரி எனக்கு டீ வரவழைத்தார்.

திரையில் ஒரு பெண் வந்து நின்றாள். முகம் யாருடையதோ. உடுப்பு என்னுடையது. படங்கின் இடப்பக்கத்தில் நீலத்தில் வெள்ளைப்பூ போட்ட ஓர் ஒட்டு.

அந்த ஒட்டு என்னவென்று உனக்குத் தெரியாது. உங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு நாள், நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். விளையாட்டுக்கு உடுப்புச் செய்யப் போகிறேன், உங்களைப் படம் பிடிக்கட்டுமா என்று கேட்டு ஹம்ஸியா லயத்துக்கு வந்தாள். என் படங்கு இடுப்பில் கிழிந்திருந்தது. வெட்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "கொஞ்சம் இருங்க பாட்டி" என்றாள். தன் பெருநாள் உடுப்பில் மிஞ்சிய துணியில் கேமராவுக்கு ஓர் உறை தைத்து வைத்திருந்தாள். அதைப் பிரித்து, என் கிழிசலின் மேல் வைத்துத் தைத்தாள். பிறகுதான் படம் பிடித்தாள். அதுவும் நீ எழுதிய விளையாட்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பூ கொழும்புக்குப் போய், உன் பெயரோடு திரும்பி வந்து, அவள் முன்னாலேயே நிற்கிறது. அவளிடமே நான் பீற்றிக்கொண்டு நிற்கிறேன்.

"ஹம்ஸியா, இது..." என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கு பாட்டி. புதுசுக்கு மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. சுபாஸ் கெட்டிக்காரன்" என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் நிமிர்ந்து வந்திருப்பேன். டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

கடைக்குப் போகாதே என்று எழுதினாயே. அப்படியென்றால் தெரிந்துதான் செய்திருக்கிறாய்.

விசாலாட்சி


கொழும்பு
20.10.2005

அன்பின் அம்மாயிக்கு,

நீங்கள் நினைப்பது போல அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. ஹம்ஸியா செய்தது பழைய விளையாட்டுக்கு. அதில் உடுப்பு என்பது ஒரு சின்ன உடம்பில் ஒட்டிய சின்னப் படம். புதியதில் அது திறக்கவே திறக்காது. நான் அதை எடுத்துப் பெரிதாக்கி, மங்கிய இடமெல்லாம் திரும்ப வரைந்து, கூடையை வேறாகச் செய்து, கை தூக்கினால் துணி கிழியாதபடி பொருத்தினேன். அந்த ஒட்டில் இருந்த ஒவ்வொரு பூவையும் நான்தான் மறுபடி வரைந்தேன். அவள் அழகுக்குப் போட்டது என்றே நினைத்தேன்.

அதோடு, படங்கு உங்களுடையதுதானே? அதன்மேல் அவளைவிட எனக்கு உரிமை இல்லையா?

இந்தப் பரிசால்தான் அடுத்த வருடம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இப்போது வேறு பெயரைப் போட்டால் எல்லாம் போய்விடும். தயவுசெய்து இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.

சுபாஸ்


தெமோதரை
25.10.2005

சுபாஸுக்கு,

நான் மலையில் இருந்தபோது ஒரு கணக்கப்பிள்ளை என் கூடையை நிறுத்து, தனக்கு வேண்டியவள் பெயரில் எழுதினான். கேட்டதற்கு, "எல்லாக் கொழுந்தும் ஒரே லொறியிலதானே போகுது, யார் பேருல இருந்தா ஒனக்கென்ன?" என்றான். தராசை விட்டு நான் அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள், மழை கொட்டியது. பெரிய கிளாக்கர் இறங்கி வந்து, அடித்து எழுதிய பிறகுதான் நகர்ந்தேன். அந்த அம்மாயியின் பேரன் நீ. இப்போது அந்தக் கணக்கப்பிள்ளை எழுதுகிற மாதிரியே எனக்கு எழுதுகிறாய்.

நீ பாடுபட்டதை நான் இல்லை என்கவில்லை. அக்காள் சட்டையை வெட்டித் தங்கச்சிக்குத் தைத்தால், தைத்தவளைக் கெட்டிக்காரி என்போம். சட்டை அக்காளுடையது என்பதையும் சொல்லுவோம்.

படங்கு என்னுடையதுதான். அவள் கேட்டாள், கொடுத்தேன். நீ அவளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல். இந்த உடுப்பு யாருடையது என்று உன் வாத்தியார் கேட்டிருப்பாரே. நீ என்ன சொன்னாய்?

தீபாவளிக்கு வருவதானால் அந்தப் பதிலோடு வா. லயத்தில் கேசரி தின்றவர்கள் உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாலாட்சி


கொழும்பு
10.11.2005

அன்பின் அம்மாயிக்கு,

தீபாவளிக்கு வராததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

வாத்தியார் கேட்டார். "எங்க ஊர்ப் பக்கம் தோட்டத்துல வேலை செய்ற யாரோ ஒரு பொம்பள, சேர்" என்று சொன்னேன். இங்கே எல்லோரிடமும் என் ஊர் பதுளை டவுன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஹம்ஸியாவின் பெயரைப் போட்டால், அவள் எங்கே படம் பிடித்தாள், யாரைப் பிடித்தாள் என்று அடுத்த கேள்வி வரும், நான் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அதற்குப் பயந்துதான் அவள் பெயரை எடுத்தேன்.

ஒருவர் செய்ததைப் புதியதற்கு மாற்றினால், அவரைக் கேட்டு அவர் பெயரையும் போட வேண்டும் என்பது இந்த விளையாட்டுக்கு உடுப்புச் செய்கிறவர்களிடமும் உள்ள வழக்கம்தான். தெரிந்துதான் செய்தேன்.

போன திங்கட்கிழமை வாத்தியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருட இடம் போய்விட்டது. இணையத்தில் அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டேன். முதலில் செய்தவர் ஹம்ஸியா, பதுளை. உடுப்புக்கு உரியவர் என் அம்மாயி விசாலாட்சி, தெமோதரைத் தோட்டம். புதியதற்கு மாற்றியவர் சுபாஸ்.

ஹம்ஸியாவுக்கும் எழுதினேன். பதில் இல்லை. அவள் கோபமாக இருக்கிறாளா என்று நீங்கள் கேட்டுச் சொல்வீர்களா?

சுபாஸ்


தெமோதரை
22.11.2005

என் பேரன் சுபாஸுக்கு, அம்மாயி எழுதுவது.

கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். ஹம்ஸியா நாற்காலி இழுத்துப் போட்டாள். நான் கேட்காமலே அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயரை வாசித்துக் காட்டச் சொன்னேன், வாசித்தாள். என் பெயரை நானே எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டேன். அங்கே இருந்த பொடியன்களிடம், போன தடவை நான் சொன்னது பொய் என்றும், இதுதான் சரி என்றும் சத்தமாகச் சொன்னேன். லயத்திலும் அப்படியே சொல்லிவிட்டேன்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "டீ குடிக்கிறீங்களா பாட்டி?" என்று மட்டும் கேட்டாள். இந்தத் தடவை குடித்தேன்.

அவள் கோபமாக இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது நீ வந்து, அந்தக் கடையில், எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டியது.

படிப்புக்கு வேறு வழி பார்ப்போம். பொங்கலுக்கு வா. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்டால் சரியாகச் சொல்லிக்கொண்டு வா.

உன் அம்மாயி,
விசாலாட்சி