ஓட்டின் மேல் போன பல்

முத்தாபுதுப்பேட்டை,
9-5-1993

அன்புத் தம்பி எட்மண்டுக்கு அக்கா ஆரோக்கியம்மாள் எழுதுவது.

உன் மகள் ஜெயாவுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று போன செவ்வாய்க்கிழமை வேரோடு விழுந்துவிட்டது. விழுந்த அதே பல்லை டாக்டரம்மா அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டார். பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி. பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டிருப்பேன். 'விழுந்துவிட்டது' வரைக்கும் உனக்குக் கேட்கும், அதற்குள் லைன் போய்விடும். அதனால்தான் கடிதம்.

இந்த வெயிலுக்கு நம் அடிபம்பில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. தொங்கிக்கொண்டு அடித்தால்தான் குடம் நிறைகிறது. கைப்பிடி ஆணி தேய்ந்து லொடலொடவென்று ஆடியதை எல்லோரும் பார்த்தோம், யாரும் மாற்றவில்லை. ஜெயா அடிக்கும்போது கை வழுக்கி, கைப்பிடி எகிறி வாயில் அடித்துவிட்டது.

பெற்றவள் ஞானம் ஓடிவந்து பிள்ளையின் வாயைக் கழுவி, ஈரத்துணியை மடித்துக் கடிக்கக் கொடுத்தாள். அதுவரை சரி. பிறகு தரையில் கிடந்த பல்லை எடுத்து ஓட்டின் மேல் வீசிவிட்டாள். பால்பல் விழுந்தபோதெல்லாம் அதைத்தானே செய்தோம். இதுவும் முளைக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

என் பாத்திரக் கடைக்கு ஆள் வந்து சொன்னது. கல்யாணத்துக்கு வாடகைக்குக் கொடுத்த அண்டாவெல்லாம் திரும்பி வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். அப்படியே போட்டுவிட்டு, கன்னியப்பன் ஆட்டோவில் இருவரையும் ஏற்றி ஆவடியில் பல் டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்ன வயது டாக்டரம்மா. வாயைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பல்லு எங்கே?" என்பதுதான். ஞானம், "ஓட்டு மேல" என்றாள். அந்தம்மா, "பன்னிரண்டு வயசுப் பொண்ணும்மா. இது போனா இனி வேற முளைக்காது" என்றார். ஞானம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்து வந்தால் வைக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். வேர்ப்பக்கம் கை படக்கூடாது, தேய்த்துக் கழுவக்கூடாது, காயவிடாமல் பாலில் போட்டுக் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான். பிள்ளையை ஞானத்தோடு அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கன்னியப்பன், "இன்னாக்கா, டாக்டர் இல்லியா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் வழியெல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அவனே ஓட்டின் மேல் ஏறினான். "பல்லைத் தேடிகினு ஊட்டு மேல கீறேன், பாக்கிறவன் திருடன்னு நெனைக்கப் போறான்" என்று புலம்பினான். கொஞ்ச நேரத்தில், "யக்கா, இங்க மூணு பல்லு கீது. உனுக்கு எது வோணும்?" என்று கேட்டான். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நாம் போட்ட பால்பல்லெல்லாம் ஓட்டு இடுக்கில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அவை வேரில்லாமல் அரிசி போலச் சின்னவை. அவனிடம் கேட்டதில், ஒன்று மட்டும் நீள வேரோடு, இரத்தக் கறையோடு இருந்தது. திரும்பி வரும் பாத்திரத்தில் நல்லதையும் நசுங்கியதையும் பிரிப்பதுதானே என் பிழைப்பு. கடிக்கும் முனையைப் பிடித்து எடுக்கச் சொல்லி, பால் பாக்கெட்டை வெட்டி டிபன் டப்பாவில் ஊற்றி, அதில் போட்டு மூடிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா பல்லை வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். டி.டி. ஊசியும் போட்டார். நேற்று மறுபடி பார்த்தார். சீழ் இல்லை, ஆட்டம் குறைந்திருக்கிறது என்றார். கம்பி எடுத்த பிறகு வேருக்கு வைத்தியம் இருக்கிறது, பல வருஷம் அடிக்கடி காட்ட வேண்டும். போகட்டும், வாயில் பல் இருக்கிறது. ஜெயா கஞ்சியும் குழைந்த சாதமும் சாப்பிட்டுக்கொண்டு, முறுக்கு டப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். பம்புக்குப் புது ஆணி போட்டாயிற்று.

இனி ஞானம் விஷயம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "அண்ணி, அவருக்கு எழுதாதீங்க. பெத்தவ நீயே தூக்கிப் போட்டியான்னு கேட்பாரு" என்கிறாள். மறைத்தால் பிள்ளை வாயிலிருந்தே ஒருநாள் வெளியே வரும், அது நன்றாயிருக்காது என்று நான் சொன்னேன். எட்மண்டு, அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் ஓட்டின் மேல்தான் போட்டிருப்பேன். நீயும்தான்.

மாதா உன்னை வெளியூரில் காப்பாற்றட்டும். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

ஞானத்திடம் பேசி முடித்த பேரம் இது. நடந்ததை நான் ஒளிக்காமல் எழுதுவேன். உன் பதிலில் பல்லை யார் போட்டது என்ற பேச்சே வரக்கூடாது. அந்தப் பேச்சில்லாமல் பதில் வந்தால், கம்பி எடுத்த அன்றே தாயும் மகளும் ஸ்டூடியோவுக்குப் போய், வாய் நிறையச் சிரித்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார்கள். இதில் குறைக்க ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அக்கா ஆரோக்கியம்மாள்