இனிப்புக் குளிகையும் அப்பாவின் பெருவிரலும்

அருமனை
1934 செப்டம்பர் 11

அன்பு மகன் ஜேசுதாசுக்கு அம்மா சத்தியபாய் ஆசீர்வதித்துச் சொல்ல, உன் தங்கை நேசபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் வலது கால் பெருவிரல் மட்டும் நீங்கலாக. கொழும்பில் நீ எல்லா விரல்களோடும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்வதை மட்டும் எழுது என்று இவளிடம் சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தேன், ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடத்தைவிடப் பரிகாசத்தை நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறவள், அதனால் இடையில் வாய்க்கொழுப்பு தென்பட்டால் அது இவளுடையது, வயிற்றெரிச்சல் தென்பட்டால் என்னுடையது.

நீ அனுப்பிய சாக்கரின் குளிகைக் குப்பி வந்து சேர்ந்தது. குப்பி அழகாய்த்தான் இருக்கிறது, உள்ளே இருப்பதுதான் குப்பை. சீனி வியாதிக்காரருக்கு இதுதான் நல்லது, இங்கே துரைமார்கள் காப்பியில் இதைத்தான் போடுகிறார்கள் என்று பெரிய கெட்டிக்காரனாக எழுதினாயே, இது இனிப்புக்குத்தான், மருந்து அல்ல என்று இன்னொரு வரி எழுத உன் பேனாவில் மை வற்றிப்போயிற்றா? மகன் கப்பலில் அனுப்பியது, துரைமார் தின்பது, பிறகு அது மருந்தில்லாமல் வேறென்ன என்று உன் அப்பா முடிவு கட்டிவிட்டார். பத்தியம் அன்றோடு போயிற்று. கருப்பட்டிக் காப்பி, மட்டிப்பழம், மதியம் இரண்டு தடவை சோறு. கேட்டால், குளிகை உள்ளே போய்விட்டது, சீனியை அது பார்த்துக்கொள்ளும் என்கிறார். அது என்ன போலீஸா, உள்ளே புகுந்து சீனியைப் பிடித்து விலங்கு மாட்ட?

இதோடு நின்றிருந்தால் வீட்டுக்குள் முடிந்திருக்கும். நம் சபையில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் டீக்கனாராகிய உன் அப்பா ஒரு சிரட்டை பாயசம் வாங்கி ருசி பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பந்திக்கு எடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். வியாதி வந்ததிலிருந்து அந்தப் பதவியை நான் பறித்து வைத்திருந்தேன். நீ அனுப்பிய குப்பி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. குமாரதாஸ் மகள் கல்யாணத்துக்குக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மருந்து முந்திக்கொள்ளட்டும் என்று முதலில் இரண்டு குளிகையை நாக்கில் போட்டு ஊறவைத்திருக்கிறார், அதன் பிறகு பாயசத்தைக் குடித்திருக்கிறார். அந்த நாக்குக்குப் பாயசம் கஞ்சித்தண்ணீர் மாதிரி இருந்திருக்கிறது. சமையல்காரர் சிலுவைமுத்துவைக் கூப்பிட்டு, வெல்லத்தைப் பாயச வார்ப்பில் போட்டாயா, இல்லை உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டாராம். சிலுவைமுத்து இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டார். மறுபடியும் குளிகை, மறுபடியும் சிரட்டை, மறுபடியும் இனிப்பில்லை. கடைசியில் சிலுவைமுத்து தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "டீக்கனாரே, இனியும் போட்டா ஈ வந்து ஒட்டிக்கிட்டு சாவும்" என்றிருக்கிறார். அதற்கு உன் அப்பா, "இருவது வருசமா எனக்க நாக்கு பொய் சொன்னதில்ல, நீ போடுடே" என்றாராம். மறுவீட்டுப் பலகாரத்துக்கு வைத்திருந்த வெல்லமும் அதில் கரைந்தது. திருவட்டாற்றுச் சம்பந்திக்காரர்கள் ஒரு வாய் உறிஞ்சியதும் பந்தி முழுவதும் தண்ணீர் தண்ணீர் என்று ஒரே சத்தம். மாப்பிள்ளையின் மாமன் எழுந்து நின்று, எங்கள் வாயை ஒட்டவைத்துவிட்டால் சீதனப் பாக்கியைக் கேட்கமாட்டோம் என்று நினைத்தீர்களோ என்றார். குமாரதாஸ் இப்போது கோயிலில் நமக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான்.

செருப்புக் கடித்த புண் ஒன்று ஏற்கெனவே அந்தப் பெருவிரலில் இருந்தது. இவ்வளவு சிரட்டையும் உள்ளே போன பிறகு அதன் ஓரம் கறுத்து நாற்றமும் வந்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார், செங்கல் நிறத்துக்கு வந்தது, சீனி அவ்வளவு ஏறியிருக்கிறதாம். என்ன சாப்பிடுகிறீர் என்று கேட்டதற்கு உன் அப்பா ஏதோ மெடல் காட்டுகிற மாதிரி உன் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் முதலில் சிரித்தார், விரலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இது நாக்கை ஏமாற்றுமே ஒழிய இரத்தத்தில் இருக்கிற சீனியைத் தொடாது, சீனியோ வெல்லமோ கருப்பட்டியோ இரத்தத்துக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார். கருப்பட்டி தோஷமில்லை என்று நானும் நினைத்திருந்தேன், அன்றோடு விட்டேன். பத்தியத்தோடு இருந்து ஊசியும் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் புண் ஆறத் தொடங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டும், அப்போதும் கேட்காவிட்டால் முழங்கால் வரைக்கும் போகும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் வண்டிக்குள் இருந்து உன் அப்பா சொன்னது என்ன தெரியுமா, கொழும்பு மருந்தில் இந்த டாக்டருக்குக் கமிஷன் கிடைக்காது, அதுதான் குறை சொல்கிறான் என்று.

இதை எழுதுகிறவளும் சும்மா இருக்கவில்லை. குழந்தைகளுக்கு முலைப்பால் மறக்கடிக்கத் தடவுகிற சென்னிநாயகத்தைக் குளிகை ஒவ்வொன்றிலும் தடவிக் காயவைத்துக் குப்பியில் திரும்பப் போட்டுவிட்டாள். எனக்குத் தெரியும், நான் திட்டவில்லை, கசந்தால் தானே துப்புவார் என்று இருந்தேன். காலையில் ஒன்றை வாயில் போட்டதும் முகம் அஷ்டகோணலாகப் போயிற்று. இவள் கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அவர் மடக்கென்று விழுங்கிவிட்டு, "இப்பந்தான் மருந்துக்க வீரியம் வெளிய வருது, கசக்காதது மருந்தா, எட்டி?" என்றார். அன்றுமுதல் ஒரு வேளைக்கு இரண்டாகத் தின்கிறார். இனிப்பும் அவரை ஏமாற்றியது, கசப்பும் ஏமாற்றியது, இனி புளிப்பும் உவர்ப்பும்தான் பாக்கி.

ஆகையால் மகனே, இது உன்னால் வந்தது, உன்னால்தான் போகவேண்டும். டாக்டர் சொன்னாலும் போதகர் சொன்னாலும் நான் சொன்னாலும் அவருக்கு ஏறாது, நீ எழுதினால் அது வேதவாக்கு. இது மருந்தல்ல, நான் விளக்காமல் அனுப்பியது என் புத்திகெட்டதனம், டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள் என்று உன் கையால் எழுது. கண் மங்கல் என்கிறார், எழுத்துப் பெரியதாக இருக்கட்டும். வார்த்தையில் இனிப்புச் சேர்க்காதே, சேர்த்தால் அதையும் மருந்தென்று விழுங்கிவிடுவார். நீயும் அங்கே தேநீர்க் கடையில் சீனி போட்ட டின் பாலைக் கோரிக் கோரிக் குடிப்பதாகக் கேள்விப்பட்டேன், அப்பனுக்குப் பிள்ளை என்று காட்டவேண்டிய இடம் அதுவல்ல.

இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்று கட்டிலிலிருந்து கேட்கிறார். உங்கள் மகனுக்குத்தான் என்றேன். அப்படியானால் இன்னும் இரண்டு குப்பி அனுப்பச் சொல் என்கிறார். சொல்லிவிட்டேன். அனுப்பினாயானால், டாக்டர் வெட்டி எடுக்கிற விரலை அதே குப்பியில் போட்டு உன் விலாசத்துக்கு அனுப்பிவைப்பேன். இந்த வரியை எழுதமாட்டேன் என்று நேசபாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் எடுத்துக் கையில் கொடுத்து எழுதவைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உனக்கு நல்ல புத்தியும் தருவாராக. மாதக் கடைசி தூரத்தில் இல்லை, இதைப் படித்த கையோடு எழுதித் தபாலில் சேர்.

உன் அம்மா
சத்தியபாய்