பூட்டிய வாசலில் கோலம்

அக்கா,

இன்று காலை உன் கோலமாவு டப்பாவைத் திறந்தேன். மாவோடு உன் வெற்றிலை வாசனையும் வந்தது.

கூரைத் தகடு மாற்ற வேண்டும் என்று சொல்லித்தானே உன் தம்பி சாவியை வாங்கினான்? "ரெண்டு நாளு எங்கனா இருந்துக்கோக்கா" என்றான். தகடும் மாறவில்லை, சாவியும் திரும்பவில்லை. உன் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் இறங்கி இறங்கி, இருமியே செத்து, உனக்கு விட்டுப்போன வீடு, வரிசையாய் ஒட்டி நிற்கிற லைன் வீடுகளில் ஒன்று. நீ சாம்பியன் ரயில் ஸ்டேஷனில் படுத்தாய். பக்கத்து வாசலில் என் வீட்டுக்குக் கூப்பிட்டால், "உன் மருமவ மூஞ்சியப் பாத்துக்கினு கஞ்சி குடிக்கணுமா? போடி" என்று சிரிப்பாய்.

ஆனால் விடிந்ததும் வந்துவிடுவாய். பூட்டிய கதவின் முன்னால் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவாய். "இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டேன். "கோலம் போடறவளுதுதான்டி வாசலு" என்றாய்.

வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்தார்கள். ஆள் குடியிருக்கிற வீடு என்று நினைத்து உன்னை விட்டுவிட்டுப் போனார்கள். மார்கழிப் பனி உன்னை விடவில்லை.

போன வாரம் மறுபடி வந்தார்கள். வீடில்லாமல் யாராவது செத்தார்களா, என்ன காரணம் என்று ஒரு பெண் கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். உன் தம்பி முந்திக்கொண்டான்.

"மைன் மூடினதுதான் மேடம் காரணம். இங்க எல்லாருக்கும் அதே கதைதான்."

அந்தப் பெண்ணும் தலையாட்டினாள்.

"மைன் வந்தா கதவுக்குப் பூட்டு போட்டுச்சு?" என்றேன். லைனே திரும்பிப் பார்த்தது. "காரணம் இதோ நிக்குதும்மா, இஸ்திரி போட்ட சட்டையில. எழுதிக்கோ. பேரு நான் சொல்றேன்."

"வாய மூடு!" என்று கத்தினான்.

"எங்க அக்கா மூடிக்கினு செத்தா. நான் மூட மாட்டேன்டா."

அந்தப் பெண் எழுதினாள். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உன் வீட்டை வாடகைக்கு விட அலைகிறான். தினமும் விடியும்போது உன் டப்பாவோடு போய் உன் கோலத்தையே போடுகிறேன். வீடு பார்க்க வருகிறவர்கள், "யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். "எங்க அக்கா" என்கிறேன். மீதியையும் சொல்கிறேன். அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போகிறார்கள்.

பூட்டு துருப்பிடிக்கிறது அக்கா. குனிந்து கோலம் போட என் இடுப்பு வளைகிற வரைக்கும் அவன் அங்கே ஒரு விளக்கு ஏற்ற முடியாது.