வேண்டிக்கொள்வதற்கு முன்

ஜூலை 21

ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து கடையில் உட்கார நேரமில்லை. என் வேலை வீடியோ காலில் வருகிறவர்களுக்குச் சேலை காட்டுவது. இன்று அமெரிக்காவிலிருந்து ஒரு பெண், மகள் கல்யாணத்துக்கு. முந்தானையை விரித்து, ஜரிகையைப் பக்கத்தில் காட்டி, அவள் கேட்காததையும் சொல்லி, நாலு சேலை விற்றேன். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை.

போனை வைத்ததும் என் மகள் தேவிப்ரியா ஞாபகம். ஶ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகிறவள். போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. அதற்குள் மனசுக்குள் குமரகோட்டம் முருகனுக்கு வேண்டிக்கொண்டாகிவிட்டது — அவள் ஆறு செவ்வாய் செருப்பில்லாமல் வந்து விளக்குப் போடுவாள் என்று.

கடைசியில் எடுத்தாள். "மீட்டிங்ல இருக்கேன்மா. இன்னும் சாவல. சாயங்காலம் பேசுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எப்படி இப்படிப் பேச வருகிறது பிள்ளைக்கு?

ஜூலை 23

இதை எப்படி எழுதுவது.

நீலாம்பாள் அண்ணி, இவருடைய அக்கா, கடைக்கு வந்திருந்தார். இரண்டு சேலையைப் புரட்டிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார், "ஊசி டெஸ்ட் ரிசல்ட் எப்ப வருதாம்?"

"யாருக்கு அண்ணி?"

"கதிர்வேலுக்குத்தான்மா. கழுத்துக் கட்டிக்கு." என் முகத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? ஐயய்யோ. நான் ஒண்ணும் சொல்லல, ஆமா."

என் புருஷன் கழுத்தில் கட்டி. அக்காவுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும், அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். கூடப் படுத்து எழுந்திருக்கிற எனக்குத் தெரியாது.

ராத்திரி கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"சொன்னா என்னா பண்ணுவ? தூங்க மாட்ட. என்னையும் தூங்க வுட மாட்ட. திருத்தணிக்கு இன்னொரு மொட்டை வேண்டிக்குவ. போன மொட்டைக்கே இப்பதான் சீப்பு நிக்குது கலை."

தேவி இன்னும் மோசம். "நீ அழுவ, அப்பா உன்னை சமாதானம் பண்ணிக்கினு இருக்கணும். கட்டி யாருக்கு? அவருக்கா, உனக்கா?"

சொல்லக்கூடாத ஆள் நான். இந்த வீட்டில் நல்ல சேதியை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியவள்.

உண்மையையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வேண்டிக்கொண்டுவிட்டேன். கார்த்திகைக் கடைஞாயிறுக்குக் கச்சபேஸ்வரர் கோயிலில் மாவிளக்குச் சட்டியைத் தலையில் தூக்குவதாக. யார் தலையில்? அவர் தலையில்தான்.

ஜூலை 24

"என் கழுத்துல என்ன சினிமாவா ஓடுது?" என்கிறார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 30

தேவி ஒரு நிபந்தனை போட்டாள். நான் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்ப் பேசினால், அப்பாவின் ரிசல்ட்டை என்னிடம் மறைக்க மாட்டாள். போகாவிட்டால் மறைப்பாளாம். நேராகவே சொன்னாள்.

போனேன். கடை ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் டாக்டர் பார்த்தார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பேசிப் பார்ப்போம் என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே கவுன்சலிங் தருகிற பெண், பெயர் ஏஞ்சல். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

தூக்கம், படபடப்பு, ஒருநாளில் எத்தனை தடவை மகளுக்குப் போன், எல்லாம் கேட்டாள். வேண்டுதல் விஷயத்தை வெட்கத்தோடுதான் சொன்னேன். பி.காம். படித்தவள், புருஷனுக்கு வருஷம் தவறாமல் மொட்டை போடுகிறேன் என்று எப்படிச் சொல்ல?

அவள் சிரிக்கவில்லை. "யார் தலைல வேண்டிக்கிட்டீங்களோ அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?"

கேட்டதில்லை. கேட்கணும் என்று தோன்றியதுகூட இல்லை.

செய்துபார்க்கச் சொன்னவை: வேண்டிக்கொள்ளணும் என்று பதறும்போது அரை மணி நேரம் தள்ளிப்போடணும். அப்புறம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காரணும். "நடுவுல வந்துதுன்னா, ஆறு மணிக்கு வான்னு அனுப்பிடுங்க." கடன்காரனுக்குச் சொல்வது மாதிரி இருந்தது. பலிக்குமா?

பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது. அவள் கழுத்தில் சின்னச் சிலுவை. அதனால்தான் வேண்டாதே என்கிறாளோ? இப்படி நினைப்பது தப்பா? நினைக்காமல் இருப்பது ஏமாளித்தனமா?

ஆகஸ்ட் 2

ஆறு மணிக்கு மாடியில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் கடையில் நெஞ்சை அடைத்ததெல்லாம் எங்கே போனது? ஒன்றும் வரவில்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழே வந்த பிறகு வேறு பயம். கவலை வராவிட்டால், எனக்கு இவர்கள்மேல் பாசம் குறைந்துபோச்சா?

ஆகஸ்ட் 5

காலையில் தேவி பஸ் ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாமல் விட்டேன். அரை மணி கழித்து அடங்கியும் போனது. பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் போன். கம்பெனி படிக்கட்டில் வழுக்கி விழுந்து முட்டியில் தையல்.

ஒரே ஒருநாள். ஒரே ஒருநாள்தானே வேண்டாமல் விட்டேன்! அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டதுக்கு எனக்கு இது வேணும். நாளைக்குப் போய்க் கேக்கறேன் அவளை.

ஆகஸ்ட் 6

கேட்டேன். உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டேன்.

"நீங்க கிறிஸ்டியன். எங்க சாமிகிட்ட வேண்டிக்க வேணாம்னு சொல்றது அதனாலயா?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது. ஏஞ்சல் கோபப்படவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான்மா. வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்னு நேந்துக்குவாங்க. நடக்கறது எங்க அண்ணன். கால் கொப்பளத்தோட அவன் திட்டுறது உங்களுக்குக் கேட்டிருக்கணும்."

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது.

"சாமி கும்பிடாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. பயம் வந்த உடனே பேரம் பேச ஓடுறீங்க பாருங்க, அதத்தான் கொஞ்சம் நிறுத்திப் பாக்கச் சொன்னேன்."

"நிறுத்தினேன். விழுந்துட்டா."

"வேண்டிக்கினு இருந்த நாள்ல அவங்களுக்கு எதுவும் ஆனதே இல்லையாம்மா?"

ஆகியிருக்கிறது. டெங்கு வந்த வருஷம், இந்த ஊரில் நான் வேண்டாத கோயில் இல்லை. இருந்தும் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதை எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. வேண்டுதல் பத்தவில்லை என்று வைத்துக்கொண்டேன். நல்லது நடந்தால் வேண்டியதால். கெட்டது நடந்தால் இன்னும் வேண்டியிருக்கணும். எப்படிப் பார்த்தாலும் என் கையில்தான் இருப்பதுபோல.

அப்படியானால் இத்தனை வருஷம் நான் செய்ததற்கு அர்த்தமே இல்லையா? அதையும் கேட்டேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

படித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கே தெரியாதாம். கோபம் வந்திருக்கணும். ஏன் வரவில்லை?

ஆகஸ்ட் 8

ஆடி வெள்ளி. காமாட்சி கோயிலில் நெரிசல். இன்று ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்து போனேன். சன்னதிக்கு முன்னால் நின்றதும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. காரியம் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் நிற்கிற மாதிரி. "நகரும்மா, நகரும்மா" என்று தள்ளினார்கள். நகர்ந்தேன். அவ்வளவுதான்.

இது பக்தியா, பரீட்சையா?

ஆகஸ்ட் 11

தேவிக்குச் சென்னையில் ஒரு வாரம் ட்ரெயினிங், ஹாஸ்டலில் தங்கல். இன்று இரண்டே தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்து, வைத்துவிட்டேன். அவளே கூப்பிட்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்கிறாள்.

ஆகஸ்ட் 14

மதியம் கடை வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். கடைக்கு வருகிற மனுஷரே இல்லை. கையில் ஆஸ்பத்திரிக் கவர்.

"வெளிய வா. டீ சாப்பிடலாம்."

எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றோம். "தேவிக்கு இன்னும் சொல்லல. அவகிட்ட சொல்லிட்டு அப்புறம் உனக்குன்னுதான் கிளம்பினேன். எப்படியோ இங்க வந்துட்டேன்."

ஊசி டெஸ்ட்டில் தெளிவாகத் தெரியவில்லையாம். புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கணும்.

திருத்தணி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மொட்டை, காவடி, அங்கப்பிரதட்சணம், எல்லாம் வரிசையாக. அரை மணி, அரை மணி என்று சொல்லிக்கொண்டேன். அந்த அரை மணி வரைக்கும் என்ன செய்வது? சும்மா நிற்க முடியாமல்தான் கேட்டேன்.

"உங்களுக்கு பயமா இருக்குதா?"

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்குது கலை. ஊசி குத்தின அன்னிலேர்ந்து. யார்கிட்ட சொல்றது? வீட்ல பயப்படுற டிபார்ட்மென்ட் உன்னுது."

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. வீட்டிலிருந்த பயம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டால் அவர் எதை வைத்துக்கொள்வார்?

அவர் பேசினார். ஆபரேஷன் என்றால் குரல் போய்விடுமா, தேவி கல்யாணம், எடுத்த டிசைன் வேலை எல்லாம் என்னாகும். ஒவ்வொன்றும் நான் முன்பே பட்ட கவலைதான். 'நானும் அதைத்தான்' என்று நாலு தடவை வாய்வரை வந்தது. சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். டீ ஆறிப்போனது.

கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டே, "எங்கியாவது வேண்டிக்கினியா?" என்றார்.

"இன்னிக்கு இல்ல."

"ஏன்?" முகம் வாடியது மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"வேண்டிக்கட்டுமா? உங்கள கேக்காம வேண்டிக்கக் கூடாதுன்னு இருக்கேன்."

யோசித்தார். "வேண்டிக்கோ. மொட்டை மட்டும் வேணாம்."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். என்ன வேண்டுவது என்று முடிவாகவில்லை.

ஆகஸ்ட் 14, சாயங்காலம்

தேவி போன் செய்தாள். "அப்பா போனே எடுக்கல. ரிசல்ட் இன்னிக்குத்தானே? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும்."

"என்னா? சொல்லும்மா. ஏன் ஒரு மாதிரி பேசுற? என்னவோ மறைக்கிறீங்க ரெண்டு பேரும்."

ஒரு நொடி எனக்கே தோன்றியது: பிள்ளை தனியாக ஹாஸ்டலில் இருக்கிறாள், ராத்திரி தூங்க மாட்டாள், ஊருக்கு வந்த பிறகு சொல்லலாமே. இவர்களும் என்னைப் பற்றி இப்படித்தானே நினைத்திருப்பார்கள்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன். பொய்யில்லாமல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"இருக்கியாடி?"

"இருக்கேம்மா."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.