சிவப்பு வெளிச்சத்தில் எல்லோர் முகத்திலும் ரத்தம்

என் தங்கமான மாரிக்கா,

உன் தம்பிக்கு, அதுதான் என் அண்ணனுக்கு, கல்யாணம் ஆகிவிட்டது. பெண்ணுக்குக் கழுகுமலை. பெயர் காளீஸ்வரி, எனக்கு மதினி. நீ வேலை பார்த்த அதே தீப்பெட்டிக் கம்பெனிக்குத்தான் போகிறாள். இப்போது மாசமாக இருக்கிறாள், ஆறு மாதம்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உன்னை நினைத்து அழுவதற்கு எனக்கு நேரமில்லை. புதியம்புத்தூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுப் பக்கம் வர முடிகிறது.

போன ஞாயிறு வந்தேன். ஜன்னலைச் சாத்தி, வீடு முழுக்கச் சிவப்பு வெளிச்சம். பாயில் மதினி மல்லாந்து படுத்திருந்தாள். பக்கத்தில் அம்மா.

"ஏட்டி, மெல்ல வா. அவளுக்குச் சத்து ஏறுது."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு நடந்ததை உனக்கே சொல்வது வேடிக்கைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

உனக்கு மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு நிற்காது. அதோடு நின்றுகொண்டே பெட்டி அடைத்தாய். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். வரிசையில் மத்தியானம் வரை நின்றாய். "இம்புட்டு நாளா என்னத்தப் புடுங்குன?" என்று அங்கே ஒருத்தி கத்தினாள். சம்பளம் போனது மிச்சம். நீ மறுபடி போகவில்லை.

அதற்குப் பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் திறந்திருந்த வண்ண ஒளி மையத்துக்குப் போனாய். நீலம் தூக்கத்துக்கு, பச்சை கோபத்துக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, சிவப்பு ரத்தத்துக்கு என்று சுவரில் படம் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், டாக்டர் இல்லை, உன்னை "வாங்க தாயி, உக்காருங்க" என்றார். ஏசி அறையில் அரை மணி நேரம் படுக்க வைத்தார். நான் கத்தியபோது நீ என்ன சொன்னாய்?

"அங்கன படுத்தா யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாவட்டி."

உன்னை யாராவது படுக்கச் சொன்ன ஒரே இடம் அதுதான். அந்த வெளிச்சத்தில் உனக்குக் கிடைத்தது மருந்து இல்லை, அரை மணி நேர ஓய்வு. அதைக் கம்பெனி கொடுத்திருக்க வேண்டும்.

அடிக்கடி போகக் கட்டுப்படியாகவில்லை. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற சிவப்புக் கண்ணாடித்தாள் நம் தெருவில் எந்த வீட்டிலும் கிடைக்கும். அம்மா அதை வாங்கி வந்து நம் டியூப்லைட்டில் சுற்றிக் கட்டினாள். "கன்னத்துல எப்படி ரத்தம் ஊறியிருக்கு பாரு" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தவர்கள் எல்லாம் ஆமாம் என்றார்கள். பூனைக்கும்தான் ஊறியிருக்கிறது என்றேன். நீ சிரித்தாய். "இன்னும் அரை மணி நேரம் காட்டு, சிங்கமாயிரும்" என்றாய்.

விடியும் முன்னே வேன். இருட்டிய பிறகு வீடு. ஞாயிறு முழுக்கச் சிவப்பு வெளிச்சத்தில் தூக்கம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத இந்தக் கரிசல் காட்டில் உன் முகத்தை வெயிலில் பார்த்தவர்கள் நம் வீட்டில் யாருமே இல்லை. நீ வேன் படியில் விழுந்த காலையில்தான் பார்த்தோம். சுண்ணாம்பு மாதிரி இருந்தாய். ரத்தம் ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை, போய்விட்டாய்.

இப்போது மதினி அதே இடத்தில் படுத்திருக்கிறாள்.

நான் விளக்கை அணைத்தேன். இந்தத் தடவை கண்ணாடித்தாள் இல்லை, நிஜமான சிவப்புப் பல்பு. அவளைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன். உச்சி வெயில். "கண்ணு கூசுது" என்றாள். கூசட்டும் என்று கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. உதடும் அப்படித்தான்.

"பல்பு ஏது மதினி?"

"பஸ் ஸ்டாண்டு லைட்டுக்காரவ கம்பெனியில கேம்ப் வச்சாவள்ல, அதுல எல்லாத்துக்கும் கொடுத்தாவ. என் நகத்த அமுக்கிப் பாத்துட்டு, ரத்தம் கம்மியா இருக்கு தாயின்னு அந்த ஐயா செவப்பு கொடுத்தாரு."

கேட்டாயா அக்கா? ரத்தம் இல்லை என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பல்பைக் கொடுத்திருக்கிறார். முதலாளி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு ஆஸ்பத்திரி போக ஒருநாள் லீவு கொடுப்பதைவிட ஒரு பல்பு கொடுப்பது லாபம்.

அம்மா வாசலுக்கு வந்து சண்டைக்கு நின்றாள். "நாலு துணி தச்சா நீ டாக்டராட்டி? பெரியாஸ்பத்திரியிலயே காமாலை வந்த பிள்ளைய நீல லைட்டுல போடுதாவ. அவியளும் ஏமாத்துதாவளோ?"

"அங்க முதல்ல ரத்தம் எடுத்துப் பாக்குதாவம்மா. லைட்டுல போட்ட பிறகும் எடுத்துப் பாக்குதாவ. உன் ஐயா என்னைக்காவது ஒரு சொட்டு எடுத்தாரா?"

"எடுக்காததுனாலதான எல்லாரும் அங்கன போறாவ" என்றாள் மதினி. அவளும் உன் மாதிரிதான், நேரம் காலம் தெரியாமல் சிரிக்க வைக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவும் வாயை மூடிக்கொண்டு கூடவே வந்தாள். ரத்தம் ரொம்பக் குறைவு, இன்னும் விட்டிருந்தால் பிரசவத்தில் தாய்க்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். வாரா வாரம் வரச் சொன்னார்கள். ஒருத்தி வழக்கம்போலக் கத்தினாள். நானும் திருப்பிக் கத்தினேன். பிறகு அவளே நாற்காலி எடுத்துப் போட்டாள். முன்பே ஒரு நாற்காலி போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அப்போ மாரிக்கும் இத ஏத்தியிருந்தா?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற நான் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். அவள் ஏன் அந்தச் சிவப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. அது பொய் என்று ஒத்துக்கொண்டால், உன்னைப் படுக்க வைத்த கை அவளுடையதாகிவிடும்.

அக்கா, உனக்கு இரண்டு வாக்குத் தருகிறேன். மதினி பிள்ளை பெற்று எழுந்திருக்கும் வரை வாரா வாரம் நானே கூட்டிப் போவேன். கம்பெனியில் யார் முறைத்தாலும் சரி, என் மிஷின் சும்மா கிடந்தாலும் சரி. இன்னொன்று, அம்மா கேட்டதற்குப் பதில் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன். "பிழைத்திருப்பாள்" என்றுதான் சொல்வேன். அதோடு எழுந்து போக மாட்டேன். அவளிடம் பொய்யை விற்றவர்கள் யார், உன்னை நிற்க வைத்தே வேலை வாங்கியவர்கள் யார் என்று பெயர் பெயராகச் சொல்வேன். அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
வாயாடித் தங்கச்சி செல்வி