கல்லாற்றில் வீழ்ந்த தும்பையைக் குறித்து

நலம் பெருகுக, மழை தவறாது பெய்க. மருதவேலி நாட்டைக் காக்கும் நல்லமங்கை மாதேவி, ஊசிக்கணவாயின் காவல் பூண்டவரும், எம் மகன் இளவரசர் விடங்கருக்குப் போர்க்களத்தில் தோளாய் நின்றவருமாகிய தண்டநாயகர் ஏனாதி வயிரமேகனுக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் படைத்தலைவர்க்கும், கணவாயின் குளிரில் வேல் பிடித்து நிற்கும் கடைசிக் காவலாள் வரைக்கும் எம் வாழ்த்து உரியதாகுக. உம் இல்லத்தார் நலம். உம் மகள் நேற்று அரண்மனைக்கு வந்து எம்மோடு உணவருந்திச் சென்றாள்.

நீர் விடுத்த ஓலை கண்டோம். இளவரசர் ஏறிய குதிரையாகிய தும்பையை எண்குடி நாட்டார் பட்டினியிட்டுக் கொன்றனர் என்றும், சமாதானத்தின் பேரால் நாம் ஈந்த உயிரை மாய்த்தவரோடு இனிச் சமாதானம் இல்லை என்றும், எம் ஆணை கிடைத்த அன்றே படையோடு கணவாயைக் கடப்பீர் என்றும் எழுதியிருந்தீர். அமைச்சருள் சிலரும் அவ்வாறே கூறினர். உம் சினத்தை யாம் குறைகூற மாட்டோம். செய்தி எட்டிய அன்று எமக்கும் வாள்தான் நினைவுக்கு வந்தது. ஆயினும் நடந்தது வேறு. அதை உடனிருந்தவர் வாயாலேயே கேட்டோம். கேட்டதை உமக்கு எழுதுகிறோம்.

எண்குடி நாட்டில் அரசர் இல்லை என்பது நீர் அறிந்ததே. எட்டுக் குடியாரும் கூடிக் குடத்தில் ஓலையிட்டுப் பெருமுதலி ஒருவரைத் தேர்வர். நான்காண்டு கழிந்ததும் அவர் மீண்டும் ஓலைக்கு நிற்பார். தோற்றால் தம் ஊருக்குத் திரும்புவார். முடி சூடாத அத்தலைவர்கள் குதிரைமேல் வைத்த அன்பு பெரிது. பெருமுதலி ஒவ்வொருவரையும் அவர் குதிரையின் பெயரோடு சேர்த்தே அந்நாட்டார் நினைவில் வைத்திருக்கின்றனர். ஒருவர் தம் குதிரைகளுக்கு நாள்தோறும் பல் துலக்கிவிட்டாராம். லாயத்தில் தீப்பிடித்தபோது ஒருவர் உள்ளே ஓட முயல, காவலர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினராம். வேறொருவர் தம்மைப் போரில் சுமந்த கிழக்குதிரைக்கு மாளிகைத் தோட்டத்திலேயே குழி வெட்டச் செய்து, மன்றத்தார் காண நின்று அழுதாராம்.

அவ்வரிசையில் வந்தவர் பெருமுதலி வெற்பன். நடந்ததை எமக்குக் கூறியவரும் அவரே. அந்நாட்டாரோடு போர் முடிந்து உடன்படிக்கை செய்தபோது அவரைக் கண்டிருப்பீர். பொன்னும் மணியும் கொடுத்தால் போதும் என்றனர் நம் அமைச்சர். யாம் தும்பையைக் கொடுத்தோம். கணவாய்ப் போரில் மகனை இழந்து வெறும் சேணத்தோடு அவள் திரும்பி வந்த நாள்முதல், அவள் நெற்றியிலிருந்த வெள்ளைச் சுட்டியைக் காலைதோறும் காணும் வலிமை எமக்கு இல்லாதிருந்தது. எமக்கு மிக அரியதைக் கொடுத்தால்தான் அவர்களும் எம் சொல்லை நம்புவர் என்றும் எண்ணினோம்.

அங்கே சென்ற தும்பை எவரையும் நெருங்க விடவில்லை. வெற்பன் அவளை அடக்க முற்படவில்லை. குடிகளின் மனுக்களை லாயத்துக்கே கொண்டுவரச் சொல்லி, அவள் கண்ணெதிரே வைக்கோலில் அமர்ந்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மன்றத்தார் நகைத்தனர். அவர் நாள்தோறும் அங்கேயே அமர்ந்தார். ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவரின் தோள்மேல் தும்பை தன் தாடையை வைத்தாளாம். தாம் அசைந்தால் அவள் விலகிவிடுவாளோ என்று அஞ்சி, மனு கொடுத்தவரை நெடுநேரம் காக்க வைத்ததாக அவர் சொன்னார். அதன்பின் எட்டுக் குடிக்கும் அவர் அவள்மேல்தான் சென்றார். பெருமுதலி வருகிறார் என்று சொல்வதை விட்டு, தும்பை வருகிறாள் என்று ஊரார் சொல்லத் தொடங்கினர்.

அதுவே அவருக்குத் தீங்காயிற்று. பகையரசி தந்த குதிரை இழுத்த வழியில் நாடு போகிறது என்று எதிரணியார் ஊர்தோறும் பேசினர். ஓலையிட்ட நாளில் வெற்பன் தோற்றார்.

தோற்றவர் வீடு திரும்பலாம், குதிரை அவரோடு செல்லலாகாது. வேற்றரசர் தரும் பரிசில் எதுவும் பெருமுதலிக்கு உரியதன்று, நாட்டுக்கே உரியது என்பதும், பதவி விட்டவர் அதை விலை கொடுத்தும் பெறலாகாது என்பதும் அவர்கள் சட்டம். அச்சட்டத்தை மன்றத்தில் முன்மொழிந்தவரே வெற்பன்தான். பரிசிலாக வந்த முத்துமாலையைத் தம் மகளுக்கு அணிவித்த ஒரு குடித்தலைவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றவரும் அவரே. புதிய பெருமுதலி நாகங்கையார் இரக்கமுடையவர். குதிரையைக் கொண்டு செல்லும், மன்றத்தாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். வெற்பன் இசையவில்லை. ஏன் என்று யாம் கேட்டபோது அவர் சொன்னதை அவர் நாட்டுப் பேச்சிலேயே எழுதுகிறோம்: "அடுத்தவனுக்குச் சொன்ன சட்டம் எனக்கும் சட்டந்தானேம்மா."

கடைசி நாளில் தும்பையைத் தம் கையாலேயே தேய்த்துக் குளிப்பாட்டி, கடிவாளத்தை லாயக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் நடந்து போனார். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று பார்க்கவில்லையாம். பின்னால் அவள் கனைத்த ஒலி ஊரெல்லை வரைக்கும் கேட்டதாம்.

வயிரமேகரே, பட்டினியிட்டனர் என்று எழுதினீர். கொள்ளும் பசும்புல்லும் அவள் முன் குவிந்து கிடந்தன. நாகங்கையார் தாமே கையில் ஏந்தி ஊட்டிப் பார்த்திருக்கிறார். அவள் உண்ணவில்லை. உடல் மெலிந்தும், மழை கொட்டிய ஒரு பிற்பகலில் லாயத்துக் கதவை உதைத்துத் திறந்து வெளியேறினாள். வழி மறித்தவர் எவருக்கும் பிடிபடவில்லை. கல்லாற்றில் வெள்ளம் கரை தொட்டு ஓடியது. அவள் இறங்கினாள்.

ஆற்றின் அக்கரையில்தான் வெற்பனின் ஊர். கூச்சல் கேட்டு ஓடி வந்தவர் அவளை நீர்நடுவே கண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவள் காதை நிமிர்த்தினாளாம். கூப்பிட்டதனால்தான் அவள் விரைந்து, பாறையிடுக்கில் கால் வைத்தாளோ என்று எம் முன் நின்று அவர் கேட்டார். முன்னங்கால் இரண்டும் முறிந்தன. ஊரார் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தனர். குதிரை வைத்தியர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வலியை நீட்டிக்க வேண்டாம் என்றார். வெற்பன் சேற்றில் அமர்ந்து அவள் தலையை மடிமேல் வைத்துக்கொண்டு, முன்பு லாயத்தில் படித்ததுபோலவே ஏதேதோ பேசிக்கொண்டிருக்க, வைத்தியர் தம் கடமையைச் செய்தார்.

இதைச் சொல்லத் தூதரை அனுப்பாமல் அவரே வந்தார். உம் வீரர் தடுப்பர் என்று உப்பு வணிகரோடு கலந்து கணவாயைக் கடந்திருக்கிறார். அதற்காக அவ்வணிகரைத் தண்டிக்க வேண்டாம். நம் அரண்மனை வாயிலில் முறையிட வந்தவர் வரிசையில், வேலித் தகராற்றுக்கு வந்த இருவர் பின்னால் நின்றார். அவர் முறை வந்தது. ஒரு நாட்டை ஆண்டவர் புழுதிக் காலோடு எம் முன் நின்று சொன்னார்: "உங்க பிள்ளை குதிரையை என்னால காப்பாத்த முடியலம்மா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவை கலைந்தபின் அவர் முழுவதும் கூறினார். கேட்டு முடித்ததும் எம் மனத்தை அறுத்த ஒன்றைக் கேட்டோம். வெள்ளத்தில் இறங்கிய தும்பை உம்மைத் தேடி வந்தாளா, அன்றி எம் மகன் வீழ்ந்த கணவாயைத் தேடிப் போனாளா என்றோம்.

"ஆத்தைத் தாண்டற வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே வழிதாம்மா," என்றார். "என்னைத் தேடித்தான் வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் உசிரோட கிடக்கேன். ஆனா அப்படித்தான்னு உங்க முன்னால சொல்ல எனக்கு வாய் வரல."

பொய் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். எம்மைத் தேற்றக் கருதி மறுபக்கம் சொல்லியிருந்தால் எமக்குக் கிடைத்திருக்கும். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

அவரை லாயத்துக்கு அழைத்துச் சென்றோம். தும்பை நின்ற இடத்தில் வேறு குதிரை கட்டவில்லை என்பது உமக்குத் தெரியும். அங்கே நின்று, அவள் இடிமுழக்கத்துக்கு நடுங்குவாள் என்று அவர் சொன்னார். குட்டியாக இருந்தபோதே அப்படித்தான் என்றோம். மகன் தன் பங்குக் கரும்பைக் கடித்துத் துண்டாக்கி அவளுக்கு ஊட்டுவான், கரும்பு கண்டால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம் என்று யாம் சொன்னதும், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கரும்பா? எங்க மலையில கரும்பு கிடையாதேம்மா. யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கிருந்தாச்சும் வரவழைச்சிருப்பேனே. கடைசியில அது எதையுமே திங்கலையே."

அவர் அழுதார். மகன் இறந்தபோது அரசியாக இருந்தபடியால் அவையில் அழாமல் இருந்தேன். லாயத்து வைக்கோலில் அமர்ந்து நானும் அழுதேன். எங்களைக் கண்ட லாயக்காரர் விலகிப் போனார்.

எம் லாயத்திலிருந்து எந்தக் குதிரையையும் எடுத்துக்கொள்ளுமாறு சொன்னோம். இப்போது பதவியில் இல்லாதவர், சட்டம் தடுக்காது. வேண்டாம் என்று கைகூப்பினார். நாகங்கையார் ஈடாக அனுப்பிய வெண்குதிரைகளையும் மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டோம். வெற்பன் எம்மிடம் வேண்டியது ஒன்றே. இளவரசர் வீழ்ந்த இடத்தில் தாம் ஒருமுறை நிற்க வேண்டும் என்றார். பயணம் செல்லும்போதெல்லாம் தும்பை தெற்கே திரும்பி நின்றுவிடுவாளாம். எதைப் பார்த்து நின்றாள் என்று தாம் காண வேண்டுமாம்.

ஆதலால் ஏனாதி வயிரமேகனுக்கு யாம் இடும் ஆணை இது. கணவாயில் திரட்டிய படையைக் கலைத்து வீரரை அவரவர் ஊருக்கு அனுப்புக. உடன்படிக்கை நேற்று நின்றவாறே இன்றும் நிற்கும் என்று கணவாய் வாயிலில் பறையறைவிக்க. வெற்பன் இன்று புறப்பட்டு நடந்து வருகிறார். துணைக்கு ஆள் வேண்டாம் என்றுவிட்டார். அவர் வரும்போது வாயிற்கதவு இரண்டையும் திறந்து வைத்து, நீர் உம் குதிரையினின்று இறங்கி, அவரோடு நடந்து செல்லுக. எம் மகன் வீழ்ந்த இடத்தை அவருக்குக் காட்டுக. அவ்விடம் எது என்று அறிந்து உயிரோடிருப்பவர் நீர் ஒருவரே. எம்மை அங்கே அழைத்துச் செல்ல நீர் பலமுறை வேண்டியும் யாம் வரவில்லை. அவர் அங்கே எவ்வளவு நேரம் நிற்க விரும்பினாலும் நிற்கட்டும். நீரும் உடன் நிற்க. பின்பு அவ்விடத்தில் என்ன இருக்கிறது, புல்லா கல்லா, எந்த மரத்தின் நிழல் அங்கே விழுகிறது என்று எமக்கு எழுதுக.

இவ்வாணை எம் வாய்மொழி. ஓலைநாயகம் எழுத, யாம் படித்துப் பார்த்து, எம் கையாலேயே அரக்கு உருக்கி நாட்டின் இலச்சினை பொறித்தோம். கண்டவுடன் நிறைவேற்றுக.