மாரியாயிக்குப் பட்டுப்புடவை கிடையாது

அக்டோபர் 3, வியாழன்

பூக்கார மாரியாயி போய் ஒரு வருஷம் ஆகிறது. மகன் நவநீதன் நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தான். கையில் இருந்தது யாரோ வீட்டுக் காதுகுத்தில் எடுத்த போட்டோ. கூட்டத்துக்கு நடுவில் அரை முகம், அதுவும் மங்கல்.

"கொஞ்சம் கலரா ஆக்கி, ஒரு பட்டுப்புடவை போட்டுடுங்கக்கா."

எல்லாரும் கேட்பதுதான். தலையை வெட்டி, நகை போட்ட வேறொரு உடம்பில் ஒட்டுவோம். பாலக்கரையில் எந்தக் கடையிலும் இதுதான் வழக்கம், என் கடையிலும். மாரியாயிக்கு மட்டும் கை வரவில்லை. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து, கடையில் இருக்கும் மாதா படத்துக்குப் பூ கொடுப்பாள். முழம் குறைகிறது என்று சொல்லிவிட்டால் போதும், அவள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

அக்டோபர் 4

வரைந்துவிட்டேன். கத்தியால் பெயிண்டை அப்பி அப்பி. வாய் வெற்றிலைச் சிவப்பு, தாடை நீலம், நெற்றி பச்சை. ஸ்கேன் பண்ணி, போட்டோவிலிருந்து அந்த ஒற்றைக் கண்ணை எடுத்து உள்ளே புதைத்தேன். ஃப்ளெக்ஸில் அடித்து, அதன்மேல் மறுபடியும் கத்தி. திட்டுவதற்குத் தயாராக நிற்கிறாள்.

கம்ப்யூட்டரைத் தொட்டால் ஓவியம் இல்லை என்கிறார்கள் ஓவியர்கள். பெயிண்டைத் தொட்டால் தொழில் கெடும் என்கிறார்கள் பிரிண்ட் கடைக்காரர்கள். நம்பர் பிளேட் எழுதி மேலே வந்தவள் நான். யாரைக் கேட்கணும்?

அக்டோபர் 5

"யாருக்கா இது?"

"உங்கம்மாதான் தம்பி."

"எங்கம்மாவா? சாமி வந்த மாதிரில்ல இருக்கு!"

"பூவுக்கு விலை குறைச்சுக் கேட்டா வேற எப்படி இருப்பாங்க?"

சிரிப்பு வந்தது அவனுக்கு, அடக்கிக்கொண்டான். "சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க. பட்டுப்புடவையே போட்டுத் தாங்க."

"போடமாட்டேன். வேணும்னா இதை எடுத்துட்டுப் போ."

வேறு கடைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ் கேட்டார், "நீ நடத்துறது கடையா, வீம்பா?"

ரெண்டும்தான் என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

சர்ச்சில் பூசையில் மனம் நிற்கவில்லை. அவன் அம்மா. என் படம். எது பெரிசு? செத்தவள் முகத்தில் என் ஆசையைத் தீர்த்துக்கொண்டேனா?

தீர்த்துக்கிட்டேன்தான். அதுக்காக அவ பொய்யாயிடுவாளா? மாத்தமாட்டேன் — எவன் வந்தாலும்.

அக்டோபர் 9

கடை திறக்கும்போதே நவநீதன் நிற்கிறான். அந்தக் கடையில் மங்கல் போட்டோவை ஏஐயில் போட்டுத் தெளிவாக்கியிருக்கிறார்கள். மாரியாயிக்கு விழுந்துபோன முன்பல்லெல்லாம் முளைத்துவிட்டது. அவள் தங்கச்சி ராக்கம்மாள் மாலை போட மறுத்துவிட்டாளாம். "இவ எவடா, பேங்க் மேனேஜர் மாதிரி? இவளுக்கு நான் ஏன்டா அழணும்?"

"நாளைக்குப் படையல்க்கா. உங்க படத்தையே தாங்க. அந்தப் பச்சைய மட்டும் எடுத்துடுங்க."

"பச்சையோட எடுத்துட்டுப் போ."

முறைத்தான். எடுத்துப் போனான்.

அக்டோபர் 10

படையலுக்குப் போனேன். வாசலில் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பயப்படும் என்று ஒருத்தர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். கேட்காத மாதிரி நின்றேன்.

ராக்கம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நெத்தியில என்னடி, பாசி புடிச்ச மாதிரி?"

"அது அவங்க கோவம்மா."

படத்தின் முன்னால் போய் நின்றாள். பிறகு, "என்ன மொறைக்கிற? அதான் வந்துட்டேன்ல!" என்று அதட்டிவிட்டு மாலையைப் போட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

அக்டோபர் 17

காலையிலிருந்து மழை. ஆர்டர் கொடுக்க ஆட்டோவில் ஸ்ரீரங்கம் போனவள், நவநீதன் வீட்டு வழியாகத் திரும்பினேன். காரியம் முடிந்த ஃப்ளெக்ஸ் இந்த ஊரில் விறகை மூடப் போகும், ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும். மாரியாயி படம் எந்தக் கூரை மேல் கிடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

வாசலிலேயே இருந்தது. நவநீதன் நனைந்தபடி ஸ்டூல் மேல் நின்று, யாரோ கல்யாணத்துக்கு அடித்த பழைய ஃப்ளெக்ஸை அதன்மேல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, பெயிண்ட் கரையுமா?"

"கரையாதுடா. நின்னு பெஞ்சாலும் கரையாது."

"இருந்தாலும்..." என்று சொல்லி முடிச்சை இறுக்கினான்.